'அனைவரும்' என்றால் எத்தனை பேர்?

அந்தப் போட்டோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். திருச்செந்தூர் ராஜகோபுரத்துக்கு முன்னால் பச்சை வேட்டியும் கையில் வேலுமாக, தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை போன எங்கள் குழு, மேலே ஒரு வரி: "முருகன் அருளால் அனைவரும் நல்லபடியாக வந்து சேர்ந்தோம்." போட்ட நேரம் காலை 6.40. அந்த 6.40-க்கு நானும் மாமாவும் குரும்பூர் தாண்டி ஒரு பாலத்துத் திண்டில் உட்கார்ந்து, அவர் காலில் கொப்புளம் உடைந்த இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தோம். திருச்செந்தூருக்கு இன்னும் பத்து கிலோமீட்டருக்கு மேல் கிடந்தது. ஆலங்குளத்தில் கிளம்பியது 43 பேர். போட்டோவில் 41 தலை. எண்ணிவிட்டேன், இரண்டு தடவை.

'அனைவரும்' என்ற ஒரு வார்த்தைக்கா இவ்வளவு கோபம் என்கிறீர்கள். ஆமாம், ஒரு வார்த்தைக்குத்தான்.

தைப்பூசக் கூட்டம், அதுவும் 2021-இல் அரசு விடுமுறை அறிவித்த பிறகு கேட்கவே வேண்டாம், விடிவதற்குள் வரிசையில் நிற்காவிட்டால் தரிசனத்துக்கு மத்தியானம் ஆகிவிடும். தெரியும். போய் நிற்கட்டும், கும்பிடட்டும், யார் வேண்டாம் என்றது? "41 பேர் வந்துவிட்டோம், இரண்டு பேர் வந்துகொண்டிருக்கிறார்கள்" என்று எழுத விரல் வலித்ததா?

'சர்க்கரை வியாதியோடு 64 வயதில் செருப்பில்லாமல் 90 கிலோமீட்டர் நடக்கலாமா' என்று மாமாவைப் பற்றி ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கூடாதுதான். சர்க்கரைக்காரர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கும், புண் வந்தது தெரியாது, வந்தால் லேசில் ஆறாது. ஆழ்வார்திருநகரியில் படுத்திருந்த ராத்திரி இதையெல்லாம் நானே சொன்னேன், அவர் கேட்கவில்லை. சரி, அது எங்கள் வீட்டுச் சண்டை. ஆனால் மாலை போட்ட அன்றைக்கு யாரும் சர்க்கரையைப் பற்றிப் பேசவில்லையே தம்பி. சப்பர வண்டிக்கு டீசல் காசு வாங்கும்போதும் பேசவில்லையே.

சின்ன வயதில் அப்பாவோடு இதே ரோட்டில் நடந்திருக்கிறேன். அப்போது சப்பர வண்டி கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது, ஒரு அரிக்கேன் விளக்கும் ஆளுக்கொரு பையும்தான். முதலில் போய்ச் சேர்கிறவர்கள் ஊருக்குள் நுழைய மாட்டார்கள். ஊருக்கு வெளியே ஒரு மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார்கள். எங்கள் குருசாமி ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்பார், "கடைசி ஆளு வந்தாச்சாலே?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஒரு வருஷம் அந்தக் கடைசி ஆள் நான். அப்பா தோளில் தூக்கி வந்தார், நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அந்த மரத்தடியில் எவ்வளவு நேரம் எனக்காகக் காத்திருந்தார்களோ, யாரும் அதை என்னிடம் சொன்னதே இல்லை.

நான் ஒன்றும் பெரிய யோக்கியன் இல்லை. தென்திருப்பேரை தாண்டியதும் இரண்டு பக்கமும் வாழைத்தோட்டம், கும்மிருட்டு, முன்னால் போன வண்டியின் பாட்டுச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. மாமா நின்று நின்று வந்தார். "நீ போடே மருமவனே, நான் ரோட்டைப் பிடிச்சு வந்துருவேன்" என்றார். ஒரு நிமிஷம் போய்விடலாமா என்றுதான் இருந்தது. அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால்தான் இப்போது யாரையும் முழுசாகத் திட்ட வாய் வரவில்லை. ஆனால் போகவில்லை, அதையும் சொல்லிக்கொள்கிறேன்.

பத்து மணிக்கு போன் வருகிறது. "எங்க இருக்கிய? எல்லாரும் உங்களுக்காக வேன்ல காத்துக்கிட்டு இருக்கோம்." பாருங்கள், வந்து சேர்ந்த அனைவரிலும் நாங்கள் இல்லை, காத்துக்கிடக்கிற எல்லாரிலும் நாங்கள் இல்லை. அரசு பஸ் ஒன்று பக்கத்தில் வந்து நின்று, கண்டக்டர் "ஏறுங்க அண்ணாச்சி, டிக்கெட் வேண்டாம்" என்றார். மாமா கும்பிட்டு அனுப்பிவிட்டார். வெயில் ஏறிவிட்டது. தார் சுட்டதால் ரோட்டோர வெள்ளைக் கோட்டின் மேலேயே, கம்பியில் நடக்கிற மாதிரி, ஒரு காலுக்கு முன்னால் ஒரு கால் வைத்து வந்தார். கோபுரம் தெரிந்ததும் அழுதார். நானும்தான்.

பதினொன்றரைக்குச் சேர்ந்தோம். எங்களைப் போட்டோ எடுக்க ஆள் இல்லை, எனக்கும் செல்ஃபி எடுக்கத் தோன்றவில்லை. கடலில் முங்கி, நாழிக்கிணற்றில் குளித்து, பன்னீர் இலை விபூதி வாங்கி வேனுக்கு வந்தால், ஒரு அண்ணன் வாட்சைப் பார்த்தார். பேசவில்லை, வாட்சை மட்டும் பார்த்தார். முன்சீட்டில் மாமாவின் பை இருந்தது, அதைப் பின்னால் தூக்கிப் போட்டிருந்தார்கள்.

இதற்கு மேல் எழுதினால் சொந்தபந்தம் கெட்டுவிடும் என்று அம்மா சொல்கிறாள். கெடட்டும்.

நேற்று மாமா வீட்டுக்குப் போனேன். காலில் கட்டோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அந்தப் போட்டோவை போனில் பெரிதாக்கி, பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டிக்கொண்டிருக்கிறார்: "இதான் எங்க செட்டு. இந்த வருசம் போனப்ப எடுத்தது."