கேஸ் ஆகிடும் என்ற பயம்

2019 மழைக்காலம். கேரள மலையில் வண்டிப்பெரியாறு பக்கம் எங்கள் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில், இரண்டு வீடு தள்ளி இருந்த அக்கா உயிரை விடப் பார்த்தார். ஜீப்பில் ஏற்றிக் குமுளி தாண்டி மலை இறங்கினோம். வழியெல்லாம் அவருடைய மாமியார் சொன்னது ஒன்றுதான்: "டாக்டர் கேட்டா தெரியாம நடந்துருச்சுன்னு சொல்லு தாயி. இல்லாட்டி கேஸ் ஆகிடும்." அக்காவும் அப்படியே சொன்னார். உடம்புக்கு மருந்து கிடைத்தது. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்க யாருக்கும் வழியில்லாமல் போனது. நானும் அந்த ஜீப்பில் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு, தற்கொலைக்கு முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை என்றது. அதை எடுத்துவிடலாம் என்று சட்ட ஆணையம் 1971-லேயே சொன்னது. 1994-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது, 1996-ல் செல்லும் என்றது.

ஆனால் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், விசாரித்துத் தண்டிக்கக் கூடாது என்கிறது. இல்லை என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுப்பது அரசின் கடமை என்றும் அதிலேயே இருக்கிறது. அதாவது நாங்கள் மலை இறங்கியபோது அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் லயத்தில் ஒருவருக்கும் தெரியாது. கேரளாவில் மலையாளத்திலும் மலைக்குக் கீழே தமிழ்நாட்டில் தமிழிலும் போர்டு வைக்கிறார்கள், இதை மட்டும் ஏன் எந்த ஆஸ்பத்திரி சுவரிலும் எழுதவில்லை?

அந்தப் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 309 இல்லை. சரி, நல்லது. ஆனால் 226-வது பிரிவு இருக்கிறது. அரசு ஊழியரைத் தன் கடமையைச் செய்ய வைக்கவோ தடுக்கவோ தற்கொலைக்கு முயன்றால் ஓராண்டு வரை சிறை, அபராதம் அல்லது சமூக சேவை. பட்டாவுக்கும் பென்ஷனுக்கும் நடந்து நடந்து ஓய்ந்தவர்தான் கலெக்டர் ஆபீஸ் வாசலில் அந்த நிலைக்கு வருகிறார். அவர் மனசு மட்டும் நொந்திருக்காதா? இந்தப் பிரிவும் போக வேண்டும்.

போன மாதம் அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்ப அன்னைக்கு டாக்டர்கிட்ட உள்ளதைச் சொல்லிருக்கலாமா தம்பி?" என்றார்.

சொல்லியிருக்கலாம் அக்கா.

இப்போது யாருக்காவது மனசு தாங்கவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடுங்கள். காசு இல்லை, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.