படமும் எடுப்பேன், பாடமும் எடுப்பேன்

என் பதிவைக் கேலி செய்யும் அந்த ஸ்கிரீன்ஷாட்டை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். நேற்றிலிருந்து ஆளுக்கு ஒன்றாக அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். சிலர் அக்கறையோடு, சிலர் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று வேடிக்கை பார்க்கும் ஆவலோடு. அந்தப் புகைப்படக்காரர்கள் குழுவில் நான் இல்லை. என் பதிவு மட்டும் இருக்கிறது, சிவப்பு வட்டம் போட்டு. மேலே, "வேலை இருப்பவன் படம் எடுப்பான், இல்லாதவன் பாடம் எடுப்பான்" என்று எழுதியிருக்கிறார்கள். கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டி நிற்கின்றன. எதுகை நன்றாகவே அமைந்திருக்கிறது, வாழ்த்துகள்.

இப்படிக் கூடிச் சிரிக்கும் அளவுக்கு அந்தப் பதிவில் என்ன ராணுவ ரகசியத்தை அவிழ்த்துவிட்டேன்? எல்இடி விளக்குகள் நிறைந்த கல்யாண அரங்கில் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை நம்பாதீர்கள் என்றேன். ஷட்டர் என்பது கேமரா எவ்வளவு நேரம் வெளிச்சத்தைப் பதிவுசெய்கிறது என்பதைக் கட்டுப்படுத்துவது. மின்சாரம் 50 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 50 சுற்றாக, ஓடும் இடத்தில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி எரிகின்றன. 60 ஹெர்ட்ஸ் என்றால் 120 முறை. நம் கண்ணுக்கு அது தெரியாது. பெரும்பாலான கேமராக்களில் எலக்ட்ரானிக் ஷட்டர், படத்தைப் பதிவுசெய்யும் சென்சாரை வரிவரியாகப் படிக்கிறது. அது மேலிருந்து கீழே வந்து சேர்வதற்குள் விளக்கு பலமுறை மங்கி எரிந்துவிடும். முகத்தின் குறுக்கே கருப்புப் பட்டைகள் விழும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள், 50 ஹெர்ட்ஸ் என்றால் ஷட்டர் வேகத்தை நொடியில் 1/100 அல்லது 1/50 பங்கில் வையுங்கள் (விளக்கின் துடிப்பு முழுதாக அதில் அடங்கிவிடும்), நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்பே ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள் என்று எழுதினேன். சில மேடை விளக்குகள் இன்னும் வேகமாகத் துடிக்கும், அவற்றுக்கு இந்தக் கணக்குப் போதாது என்றும் சேர்த்தேன். பல கேமராக்களின் கையேட்டிலேயே இருக்கும் எச்சரிக்கைதான். கையேட்டை யாரும் பிரிப்பதில்லை என்பதால் ரகசியம் ஆகிவிட்டது போலும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். கல்யாணத்துக்கு மறுபடி எடுக்கும் வாய்ப்பு கிடையாது. மாடலை வைத்து எடுக்கும் படம் சரியாக வரவில்லை என்றால் மறுநாள் கூப்பிடலாம். ஒரு கட்டடத்தை அடுத்த வாரமும் எடுக்கலாம், அது எங்கும் போகாது. கல்யாணம் அப்படி இல்லை. ஆகவே இந்தத் தொழிலில் தெரிந்த ஒன்றைத் தெரியாதவனிடமிருந்து மறைத்தால், நஷ்டம் அவனோடு நிற்பதில்லை. அவனை நம்பிக் கூப்பிட்ட வீட்டுக்குப் போகிறது. அந்த வீட்டார் நம் தொழில் போட்டிக்குள் வரவே இல்லை. அவர்கள் எதற்காகத் தண்டனை அனுபவிக்க வேண்டும்?

சில மாதங்களுக்கு முன் ஓர் இளைஞன் இரவு நெடுநேரம் கழித்து அழைத்தான். முன்பின் அறிமுகம் இல்லாதவன். "அண்ணா, படமெல்லாம் கோடு கோடாக இருக்கிறது. எடிட்டிங்கில் எடுத்துவிடலாமா?" அனுப்பச் சொன்னேன். சடங்கு முழுவதையும் சத்தமில்லாத ஷட்டரில், 1/800 வேகத்தில் எடுத்திருக்கிறான். ஏன் என்று கேட்டேன். "டக் டக் என்று சத்தம் கேட்டால் அவர்களுக்கு இடைஞ்சலாக இருக்குமே என்று நினைத்தேன்" என்றான். எவ்வளவு நல்ல எண்ணம் பாருங்கள். அந்த எண்ணமே அவன் காலை வாரிவிட்டது. மணப்பெண் தன் அப்பாவைப் பார்க்கும் ஒரு படம் இருந்தது. அந்த நொடியைப் பிடிக்க நம்மில் பலர் ஆண்டுக்கணக்கில் பழக வேண்டும், அவன் பிடித்திருந்தான். அப்பாவின் கண்கள் மேல் சரியாக ஒரு கருப்புப் பட்டை.

சிலவற்றைக் கருப்பு வெள்ளையாக்கி ஓரளவு தேற்றினோம். பலவற்றை ஒன்றும் செய்ய முடியவில்லை.

இதில் எனக்குப் பொறுக்க முடியாத பகுதி வேறு. அந்தக் கல்யாணத்துக்கு முந்தைய வாரம் அவன் இதே குழுவில்தான் கேட்டிருக்கிறான்: அரங்கில் முழுக்க எல்இடி விளக்குகள், எதைக் கவனிக்க வேண்டும் என்று. பதில் வந்திருக்கிறது. "அனுபவம் கற்றுத்தரும் தம்பி." கூடவே ஒரு கைகூப்பும் பொம்மை. கற்றுத்தந்தது, ஐயா. மிக நன்றாகவே கற்றுத்தந்தது. கட்டணத்தை மட்டும் அந்தப் பெண்ணின் அப்பா கட்டினார்.

"நாங்களும் இப்படித்தான் அடிபட்டுக் கற்றோம், அவர்களும் அடிபடட்டும்" என்று அந்தக் குழுவில் இருக்கும் நீங்கள் சொல்வீர்கள். தெரியும். நானும் அந்தப் பள்ளியில் படித்தவன்தான். நான் உதவியாளனாக இருந்தபோது என் குருநாதர் கேமராவின் மேலே இருக்கும் சின்னத் திரையில் கருப்பு டேப் ஒட்டி வைத்திருப்பார். பரீட்சை அறையில் பக்கத்துப் பையன் பார்த்துவிடாமல் விடைத்தாளை முழங்கையால் மறைப்பவனைப்போல, பின்திரையை நெஞ்சோடு அணைத்தபடிதான் பார்ப்பார். விளக்கு அமைக்கும் நேரம் வந்தால் "பேட்டரி எடுத்து வா" என்று என்னை வண்டிக்கு அனுப்புவார். பேட்டரிகள் அவர் பையிலேயே இருக்கும்! லைட் ஸ்டாண்டைத் தள்ளி வை என்பார். எவ்வளவு, எதற்காக என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். விளக்குக்கும் ஆளுக்கும் இடையே தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் பாதியாகக் குறையாது, கால்பங்காகக் குறையும். சொல்ல ஒரே ஒரு வாக்கியம் போதும். அதை அவர் சொல்லாததால் நான் ஸ்டாண்டைக் குத்துமதிப்பாக நகர்த்திக்கொண்டிருந்தேன். அவருடைய அந்தக் கால ஆல்பங்களைப் பிரித்துப் பாருங்கள்: குடும்பப் படங்களில் விளக்குப் பக்கம் நிற்பவர்கள் வெளுத்துப்போயிருப்பார்கள், மறுகோடியில் நிற்கும் பெரியப்பாக்கள் இருட்டில் இருப்பார்கள். மறைத்ததால் அவர் என்ன சம்பாதித்தார்? அந்தப் பெரியப்பாக்களில் பலர் இன்று இல்லை.

நானும் அடிபட்டேன். அதைப் பதக்கமாகக் குத்திக்கொண்டு திரிய எனக்கு விருப்பமில்லை.

இனி மற்ற கேள்விகளுக்கு வருகிறேன். யாரும் நேரில் கேட்கவில்லை, ஆனால் கேட்கப்போகிறீர்கள்.

"எல்லாவற்றையும் இலவசமாகச் சொல்லிக்கொடுத்தால் ஆளாளுக்குக் கேமராவைத் தூக்குவார்கள், தொழில் கெடும்." ஷட்டர் வேகம் தெரிந்தவனால் தொழில் கெடுவதில்லை. அது தெரியாமலேயே பாதிக் கட்டணத்துக்கு ஒத்துக்கொள்பவனால்தான் கெடுகிறது. அவன் என் பதிவைப் படிப்பதில்லை. படித்திருந்தால் பயந்து தன் கட்டணத்தையாவது ஏற்றியிருப்பான்.

"விருப்பக்குறிகளுக்காக எழுதுகிறான்." ஆமாம். விருப்பக்குறி வந்தால் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. அடுத்த கேள்வி.

"அரைகுறையாகப் படித்துவிட்டு ஒருவன் தைரியமாகக் கல்யாணத்துக்கு ஒத்துக்கொண்டால்?" இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஒரு பதிவைப் படிப்பதும் கூட்டத்துக்கு நடுவே நின்று நொடியில் முடிவெடுப்பதும் வேறு வேறு. அதனால்தான், முதல் கல்யாணத்துக்குத் தனியாகப் போகாதீர்கள், ஒருவரிடம் இரண்டாவது ஆளாகப் போங்கள் என்று திரும்பத் திரும்ப எழுதிவருகிறேன். ஆனால் இரண்டாவது ஆளாக வரட்டுமா என்று கேட்கும் பையன்களை எத்தனை பேர் சேர்த்துக்கொள்கிறீர்கள்? கூடவும் வைத்துக்கொள்ள மாட்டீர்கள், எழுதிக்கொடுத்தாலும் சிரிப்பீர்கள். பிறகு அவன் அரைகுறை என்று நீங்களே வருத்தப்படுவீர்கள்.

பாடம் எடுப்பவன் வேலையில்லாதவன் என்ற கண்டுபிடிப்புக்கு வருவோம். ஆன்செல் ஆடம்ஸ் தெரியும்தானே? மலைகளைக் கருப்பு வெள்ளையில் எடுத்தவர் என்று அவருடைய படத்தைப் பகிர்ந்து "மாஸ்டர்" என்று எழுதுவீர்களே, அவர்தான். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கலைப் பள்ளியில் புகைப்படத் துறையையே தொடங்கிவைத்தவர். வெளிச்சத்தை அளந்து பிரிக்கும் தன் முறையைப் புத்தகமாக எழுதினார், அமெரிக்காவின் யோசெமிட்டி மலைப்பகுதியில் பயிற்சிப் பட்டறைகள் நடத்தினார். அவருக்கும் வேலை இல்லை என்று வைத்துக்கொள்வோமா?

ஆகஸ்ட் 19 அன்று உலகப் புகைப்பட தின வாழ்த்துகளை அந்தக் குழுவில் மாறி மாறிச் சொல்லிக்கொள்வீர்கள். 1839-இல் அந்த நாளில் நடந்தது என்ன? டாகுவேர் என்ற பிரெஞ்சுக்காரரின் புகைப்படச் செய்முறை பாரிஸில் எல்லோருக்கும் தெரியும்படி விளக்கப்பட்டது. பிரெஞ்சு அரசு அவருக்கு ஓய்வூதியம் கொடுத்து, உரிமையை வாங்கி, உலகத்தின் கையில் கொடுத்தது. இங்கிலாந்தில் மட்டும் அவர் தரப்பினர் சில நாட்களுக்கு முன்பே காப்புரிமை வாங்கி வைத்துக்கொண்டார்கள். டேப் ஒட்டும் ஆட்கள் அப்போதும் இருந்தார்கள். சொல்லிக்கொடுத்த நாளைக் கொண்டாடிவிட்டு, சொல்லிக்கொடுப்பவனைக் கேலி செய்கிறீர்கள். ஒரு வாழ்த்து அட்டையை அனுப்புவதற்கு முன் அது எதற்கான வாழ்த்து என்று பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

1851-இல் ஃபிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்ற இங்கிலாந்துக்காரர், கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற கரைசலைப் பூசி ஈரம் காய்வதற்குள் படம் எடுக்கும் ஈரத்தகடு முறையைக் காப்புரிமை கேட்காமல் வெளியிட்டார். 1880 வாக்கில், முன்பே பூசி உலர்த்தி வைத்த உலர்தகடுகள் பரவும்வரை உலகம் பெரும்பாலும் அவர் முறையில்தான் படம் எடுத்தது. "அவர் ஏழையாகத்தானே செத்தார்" என்று ஒருவர் தேடிப் பார்த்துவிட்டு வருவார். ஆமாம், 1857-இல், ஏழையாகத்தான். உங்களுக்கு அதில் திருப்தி என்றால் இருக்கட்டும்.

இவ்வளவும் எழுதிய பிறகும் மனம் ஆறவில்லை. அதற்குக் காரணம் கேலி செய்தவர் இல்லை. அவரை எனக்குத் தெரியாது. சிரித்தவர்கள் பட்டியலில் ஒருவரைத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன். ஒரு கல்யாணம் முடிந்த இரவு, மெமரி கார்டைக் கணினியில் செருகியதும் ஒன்றுமே தெரியவில்லை என்று நடுங்கிக்கொண்டே அழைத்தவர். அந்தக் கார்டில் இன்னொரு படம்கூட எடுக்காதீர்கள், 'ஃபார்மட் செய்யவா' என்று கணினி கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், முதலில் கார்டு முழுவதையும் அப்படியே ஒரு நகல் எடுங்கள், மீட்பு மென்பொருளை அந்த நகலில் ஓட்டுங்கள் என்று ஒவ்வொரு படியாகச் சொல்லி, விடியும்வரை தொலைபேசியில் உட்கார்ந்திருந்தேன். படங்கள் வந்தன. "நீங்கள் தெய்வம் அண்ணா" என்று எழுதினார். நான் தெய்வம் ஆகவேண்டும் என்று கேட்கவில்லை. நேற்று அந்தக் கேலி வரிக்குக் கீழே சிரிக்காமல் கடந்து போயிருந்தால் போதும். அந்த இரவு நான் எடுத்தது பாடம்தானே? கசந்ததா?

இன்னொன்றும் எனக்குத் தெரிகிறது. அந்தக் குழுவுக்கு என்மேல் வந்த கோபம் ஷட்டரைப் பற்றியது இல்லை. அந்தப் பதிவின் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தேன்: புகைப்படக்காரரை அமர்த்தும் வீட்டார், "உங்கள் கேமரா ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் எழுதுமா? அன்றிரவே படங்களின் நகல் எங்கே இருக்கும்?" என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுக்கொள்ளுங்கள் என்று. யாரோ ஒரு மணப்பெண் கேட்டிருக்கிறாள். "இவனால் வீட்டுக்கு வீடு வக்கீல்கள் உருவாகிறார்கள்" என்று அதே குழுவில் ஒருவர் புலம்பியிருக்கிறார். அந்த ஸ்கிரீன்ஷாட்டும் வந்தது. ஆக, வலித்தது அங்கேதான். இரண்டு கார்டில் எழுதுகிறவருக்கு அந்தக் கேள்வியில் என்ன சங்கடம்? "ஆமாம் அம்மா, எழுதும்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரே கார்டில் எடுத்துவிட்டு, அதையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீடு போகிறவருக்குத்தான் அது குறுக்கு விசாரணையாகத் தெரியும். வாழ்நாளில் ஒரே ஒரு நாளை அந்நியன் ஒருவனின் கையில் ஒப்படைக்கிறவர்கள் இரண்டு கேள்வி கேட்கக் கூடாதா? இரண்டு போதாது என்பேன். கேமரா பழுதானால் மாற்றுக் கேமரா இருக்கிறதா, உங்களுக்கே உடல்நிலை சரியில்லை என்றால் யார் வருவார் என்பதையும் கேளுங்கள் அம்மா. நன்றாகக் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் இன்னும் ஒருமுறை கேளுங்கள்.

நான் எழுதுவதை நிறுத்தப்போவதில்லை. வெள்ளிக்கிழமைப் பதிவு, பச்சை நிறம் பூசிய சுவரிலோ கூரையிலோ ஃபிளாஷைத் திருப்பி அடித்தால் முகங்கள் ஏன் பச்சையாகின்றன, அதை அங்கேயே எப்படிச் சரிசெய்வது என்பது பற்றி. முதல் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் சந்தேகங்களைக் கீழே கேளுங்கள். வேலை நடுவில் இருந்தாலும் இரவு பதில் எழுதுகிறேன். ஆம், எனக்கு வேலை இருக்கிறது, நாளைக்கும் ஒரு கல்யாணம். "எந்தக் கேமரா வாங்கலாம் அண்ணா" என்று மட்டும் இன்றைக்குக் கேட்டுவிடாதீர்கள், அதற்கான பொறுமை இப்போது என்னிடம் இல்லை.