கோச்சிடம் போகும் முன்
பெண்கள் தங்கள் விருப்பப்படி வாழ லைஃப் கோச் (வாழ்க்கை முடிவுகளை எடுக்கத் துணை நிற்கும் கட்டணப் பயிற்சியாளர்) வழிகாட்டுவார் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, காட்டலாம். ஆனால் நம் நாட்டில் யார் வேண்டுமானாலும் கோச் என்று போர்டு மாட்டிக்கொள்ளலாம், உரிமம் எதுவும் தேவையில்லை. 1995-இல் தொடங்கிய ஐசிஎஃப் என்ற சர்வதேச கோச்கள் அமைப்பின் ஆரம்பநிலைச் சான்றிதழான ஏசிசி-க்கே 60 மணிநேரப் பயிற்சியும் 100 மணிநேர அனுபவமும் வேண்டும். பணம் கட்டும் முன் அப்படிச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். நல்ல கோச் கேள்வி கேட்பார். 'வேலையை விட்டுடு' என்று தீர்ப்பு சொல்ல மாட்டார். (அதற்குத்தான் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களே!) அப்புறம், வீட்டில் அடி வாங்கும் பெண்ணிடம் 'உங்கள் மனநிலையை மாற்றுங்கள்' என்று சொல்லிக் காசு வாங்குவது அநியாயம். அவருக்கு முதலில் தேவை 181 உதவி எண்ணும், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும்தான். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரியாவது சேர்த்திருக்கலாம்.