சும்மா ஒருக்கா பொலிஷ் அடிச்சு விடு தம்பி

இந்தச் "சும்மா ஒருக்கா" என்ற சொல்லைக் கண்டுபிடித்த மனிசன் யாரென்று தெரிந்தால், அவரை இழுத்து வந்து கோண்டாவில் வெயிலில், எங்கள் வளவில் நிற்கிற காருக்கு முன்னால் நிறுத்தி, கையில் ஒரு துணியையும் கீறல் தேய்க்கிற கொம்பவுண்ட் பசை டப்பாவையும் கொடுக்க வேண்டும்.

சுவிஸில் இருக்கிற மாமா சித்திரை வருசத்துக்கு வருகிறார். போன் எடுத்தார். "தம்பி, என்ர காரைச் சும்மா ஒருக்கா கழுவி, பொலிஷ் அடிச்சு விடு. அரை நாள் வேலைதானே."

அரை நாளாம்! 2022இல் கியூஆர் கோட் காட்டி, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் பெற்றோல் என்று அளந்து கொடுத்த காலத்தில், "கொஞ்ச நாளைக்கு நிக்கட்டும்" என்று வேப்பமரத்துக்குக் கீழே விட்ட கருநீலக் கொரோலா 121 அது. அந்தக் கொஞ்ச நாள் இப்போது நாலு வருசம். விற்கவும் விடமாட்டார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய காருக்கெல்லாம் பவுண் விலை. 2025இல் திரும்பத் திறந்துவிட்டும், புதுக் காருக்கான வரியைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அதனால் "அது சொத்து, நிக்கட்டும்" என்பார். சொத்தை வைத்திருக்கிற சீரைப் பாருங்கள்.

வேம்பின் பிசின், காகத்தின் எச்சம், செம்மண் புழுதி. எல்லாவற்றையும் மூடி ஒரு தறப்பாள். தறப்பாள் போட்டால் காருக்குப் பாதுகாப்பு என்று யார்தான் இவர்களுக்குச் சொன்னார்களோ! காற்றடிக்கிற நேரமெல்லாம் அது அடியில் கிடக்கிற மண்ணையும் சேர்த்துப் பெயின்ரில் உரசிக்கொண்டே இருக்கும். நாலு வருசம் இரவு பகலாக அரத்தாள் பிடித்த மாதிரி. போதாததற்கு எங்கள் வீட்டாருக்கு அது கார் என்பதே மறந்துபோய்விட்டது. டிக்கிக்கு மேல் தென்னோலை, கூரைக்கு மேல் பழைய வாளி, பொனற்றில் செத்தல் மிளகாய்.

"சேவிஸ் ஸ்டேசனில குடன், மெசின் போட்டு மினுக்கித் தருவாங்கள்" என்று பக்கத்து வீட்டு அண்ணை ஆலோசனை சொன்னார். கொடுத்திருக்கிறேன் ஐயா, போன வருசம் என்னுடைய காரை ஒரு இடத்தில் கொடுத்தேன். உழவு மெசின் கழுவிய அதே பஞ்சால் தேய்த்தார்கள். பிறகு பொடியன் ஒருவன் மெசினை எடுத்துக் கதவு விளிம்பில் ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு நின்றான். மேலே இருக்கிற நிறமில்லாத கிளியர் கோட் பூச்சுப் போய், நிறம் போய், அடிப்பூச்சு எட்டிப் பார்த்தது. கறுப்பு ரப்பரில் அப்பின வெள்ளைக் கொம்பவுண்ட் இன்னும் போகவில்லை. கேட்டதற்கு, "அது முந்தியே இருந்தது" என்றார்கள்.

பொலிஷ் என்றால் மேலே பூசுகிற சாமான் என்றுதான் ஊரே நினைக்கிறது. அது தேய்த்து எடுக்கிற வேலை. நிறத்துக்கு மேலே இருக்கிற கிளியர் கோட் தலைமயிரின் தடிப்புக்கூட வராது. அதில் இன்னும் ஒரு பங்கைச் சீவித்தான் கீறலை மறைக்கிறோம். விளிம்புகளில் அது இன்னும் மெல்லிசு. ஒவ்வொரு முறை மினுக்கும்போதும் பெயின்ரின் ஆயுளில் கொஞ்சம் போகிறது. பூசுகிறது அதற்குப் பிறகு போடுகிற வாக்ஸ்தான்.

சரி, நானே செய்கிறேன் என்று இறங்கினேன். முதல் நாள் முழுக்கக் கழுவல். காய்ந்த எச்சத்தைச் சுரண்டக் கூடாது. ஈரத்துணி போட்டு ஊறவிட வேண்டும். சவர்க்காரத் தண்ணிக்கு ஒரு வாளி, துணி அலச இன்னொரு வாளி, கூரையிலிருந்து கீழ்நோக்கி. இதில் எங்கள் கிணற்றுத் தண்ணி வேறு. சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருகிற தண்ணி; வெயிலில் காயவிட்டால் கேத்திலுக்குள் படிகிற அதே வெள்ளை கார் முழுக்கப் பொட்டுப் பொட்டாகப் பிடிக்கும். ஏற்கனவே பிடித்திருந்ததில் பாதி, வினாகிரியில் தண்ணி கலந்து துடைக்கப் போனது. மற்றப் பாதி பெயின்ரையே அரித்துவிட்டது.

கழுவி முடித்தபின் சொப்பிங் பைக்குள் கையை விட்டு பொனற்றைத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குப் பளபளப்பு, கைக்குச் சொரசொரப்பு. அந்தப் பிசினையும் தூசியையும் களி மாதிரியான டீட்டெயிலிங் கிளே போட்டு உருட்டி எடுக்க ஒரு நாள். பிறகு இரண்டடிக்கு இரண்டடியாகக் கையால் கொம்பவுண்ட். தகரம் சுட்டால் அது காய்ந்து ஒட்டும் என்பதால் விடிய ஐந்தரைக்குத் தொடங்கி ஒன்பதுக்கு நிறுத்த வேண்டும். சித்திரை வெயில், தெரியும்தானே. இப்படி மூன்று விடியல்.

மஞ்சள் பத்தின முன் லைற்றுக்குப் பற்பசை போடச் சொன்னவர்கள் ஏழு பேர். எண்ணினேன். போட்டால் மினுங்கும், கொஞ்ச நாளில் திரும்ப மஞ்சள். 1000, 2000 என்று நனைத்த அரத்தாள் போட்டுத் தேய்த்து, மினுக்கி, கடைசியில் வெயிலைத் தாங்குகிற பூச்சு அடிக்காவிட்டால் பட்டபாடு முழுக்க வீண்.

எல்லாம் முடிந்து வீடியோ கோலில் காட்டினேன். ஐந்து நாள், இரண்டு தோள்மூட்டும் கழன்ற மாதிரி. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நல்லாத்தான் கிடக்கு. கூரையில என்ன தம்பி, தேமல் மாதிரி?"

"அது கிளியர் கோட் உரிஞ்சுபோச்சு மாமா. இனிப் பெயின்ற்தான் அடிக்க வேணும்."

"அதுக்கும் சும்மா ஒருக்கா பொலிஷைப் போட்டுப் பாரன்."

போனை வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். அடுத்த நாள் எழும்பி வெளியே வந்தால், பொனற்றில் ஒரு பெரிய சுளகு. சுளகு நிறைய வேப்பம்பூ வடகம். அம்மா குனிந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தா.

"என்னம்மா இது!"

"ஏன் கத்துறாய்? இப்பத்தானே துப்பரவாக் கிடக்கு."