மாகோஃபோனியா: பூசாரி வெளியே தலைகாட்டக் கூடாத திருநாள்

பண்டைப் பாரசீகத்தில் ஆட்சிக் கவிழ்ப்புக்கென்றே ஒரு திருநாள் இருந்தது. பெயர் மாகோஃபோனியா, கிரேக்கத்தில் 'மாகியர் கொலை'. மாகியர் என்பது மீடிய நாட்டுப் (இன்றைய வடமேற்கு ஈரான்) பூசாரிக் குலம். வருஷா வருஷம் அன்று அவர்களைத் தேடித்தேடி வெட்டினார்கள் என்று எழுதுகிறவர்கள் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸை ஒழுங்காகப் படிக்கவில்லை. வெட்டியது ஒரே ஒரு முறை, கி.மு. 522இல். அதன்பிறகு அந்த நாளில் மாகியர் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் சொல்வது.

மறுபக்கத்துக் கதை ஈரானின் கெர்மான்ஷா அருகே பெஹிஸ்துன் பாறைக் கல்வெட்டில் மூன்று மொழிகளில் இருக்கிறது. கல்வெட்டைச் செதுக்க வைத்தவன் பாரசீக அரசன் முதலாம் தாரியஸ், அதாவது ஜெயித்தவன். 'நான்தான் அரசன் கேம்பைசஸின் தம்பி பார்தியா' என்று கிளம்பிய கௌமாதா என்ற மாகி, கர்மபாத மாதம் 9ஆம் நாள் (ஜூலை 1) ஆட்சியைப் பிடித்தானாம். பாகயாதி 10ஆம் நாள் (செப்டம்பர் 29) தாரியஸும் ஆறு கூட்டாளிகளும் அவனைக் கொன்றார்கள். எங்கே? மீடியாவின் சிகயவ்வதி கோட்டையில் என்கிறது பாறை, சூசா அரண்மனையில் என்கிறார் ஹெரோடோட்டஸ். கூட்டாளிகள் ஆறு பேரில் ஐந்து பெயர் இரண்டிலும் ஒத்துப்போகிறது.

'செப்டம்பர் 29 மாகோஃபோனியா' என்று நாள்காட்டி போடுவதும் தப்பு. அது சந்திர மாதக் கணக்கு, நம் தேதியோடு வருஷம்தோறும் நகரும். தவிர, பாறையில் திருநாளைப் பற்றி ஒரு வரி கிடையாது. கொலை நாளே விழா நாள் என்பது நம் ஊகம்.

ஈரானிய நாள்காட்டியின் மெஹர் மாதத்து மெஹர்கான் விழாவோடு இதை முடிச்சுப் போடுவார்கள். அதுவும் இலையுதிர் காலம். ஜஹாக் என்ற கொடுங்கோலனை ஃபெரெய்தூன் வீழ்த்திய கதைதான் அங்கே. ஆசையைக் கிளப்பும் ஒற்றுமை, ஆனால் ஆதாரமாகாது.

என்னைக் கேட்டால், செத்தவன் நிஜ பார்தியாவாகவே இருக்கலாம். பாபிலோன் களிமண் பலகைகளில் அவன் பெயரால் ஆட்சியாண்டு போட்டுப் பத்திரங்கள் எழுதியிருக்கிறார்கள். மூன்று வருஷத்துக்கு வரியும் படைச் சேவையும் வேண்டாம் என்றானாம். அவன் செத்தபோது பாரசீகர் தவிர ஆசியா முழுக்க அழுதது என்று எழுதுகிறவரும் ஹெரோடோட்டஸ்தான். வரியை விட்டுக்கொடுத்தவனைப் போலி என்று நிரூபிக்கும் அவசரம் யாருக்கு இருந்திருக்கும்?

மாகியர் குலம் அழிந்தும் போகவில்லை. தாரியஸ் காலத்துப் பெர்செபோலிஸ் (பாரசீகத் தலைநகர்களில் ஒன்று) கணக்குப் பலகைகளில் அவர்களுக்குச் சடங்குக்கென்று தானியமும் மதுவும் அரசுக் களஞ்சியத்திலிருந்து படி அளந்த கணக்கு இருக்கிறது.