மருந்து என்றால் கவுன்டரில் மருந்தாளுநர் வேண்டாமா?

2021 ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, பக்கத்து வீட்டுப் பாட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு கஞ்சாக் கடைக்குப் போனேன். அமெரிக்காவில், ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சாவில் இருக்கிறோம். பாட்டிக்கு 74 வயது. புற்றுநோய்க்குக் கீமோ போய்க்கொண்டிருந்தது. குமட்டலில் ஒரு வாய் சூப்கூட உள்ளே இறங்கவில்லை. குமட்டலை அடக்க மருத்துவக் கஞ்சாவுக்கு டாக்டர் பரிந்துரை எழுதிக் கொடுத்தார், அதை வாங்க மாநில அரசு அட்டை கொடுத்தது. அட்டைக் கட்டணம் மற்றவர்களுக்கு 100 டாலர், முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் இருந்ததால் பாட்டிக்கு 20.

கடைப் பையன் கண்ணாடி ஜாடியைத் திறந்து மூக்கருகே நீட்டினான். பாட்டி முகர்ந்து பார்க்கவில்லை. பையிலிருந்து மாத்திரைச் சீட்டை எடுத்து வைத்து, "ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறேன். இதையும் சேர்த்துச் சாப்பிடலாமா?" என்று கேட்டார். பையன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தெரியலைங்க மேடம். நிறையப் பேர் சாப்பிடுறாங்க, ஒண்ணும் ஆகலை."

அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் நல்ல பையன், அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கோபமெல்லாம் அவனை அங்கே நிறுத்திய ஏற்பாட்டின் மேல்தான். கஞ்சாவில் உள்ள சில பொருட்கள், வார்ஃபரினை உடலிலிருந்து கழிக்கிற ஈரல் நொதியை மந்தமாக்கும். மருந்து ரத்தத்திலேயே தங்கிவிடும், சின்னக் காயம்கூட நிற்காமல் கசியலாம். எந்த மருந்துக்கடையில் கேட்டிருந்தாலும் மருந்தாளுநர் இதைச் சொல்லித் தடுத்திருப்பார்.

இந்த மாநிலத்தில் அப்படி ஒருவர் கஞ்சாக் கடையில் இருந்திருக்க வேண்டியவர்தான். 2018 ஜூனில் மக்கள் வாக்கெடுப்பில் சுமார் 57 சதவீதம் பேர் மருத்துவக் கஞ்சாவுக்கு ஆதரவு தந்தார்கள். அடுத்த மாதமே மாநிலச் சுகாதார வாரியம் இரண்டு விதிகளைப் போட்டது: புகைக்கிற வகையை விற்கக் கூடாது, ஒவ்வொரு கடையிலும் மருந்தாளுநர் இருக்க வேண்டும். வாரியம் அதிகாரத்தை மீறிவிட்டது என்று மாநில அட்டர்னி ஜெனரலே சொன்னார், வழக்குகளும் வந்தன. ஆகஸ்ட் 1 அன்று இரண்டையும் வாபஸ் வாங்கினார்கள். முதல் விதி தவறு, மக்கள் கேட்டதையே அது தட்டிப் பறித்தது. ஆனால் அதோடு சேர்த்துக் கட்டியதால் இரண்டாவதும் போயிற்று. எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் அதுதான்.

அப்புறம் நடந்தது ஊரறிந்த கதை. கடை வைக்கவோ செடி வளர்க்கவோ லைசென்ஸ் கட்டணம் அப்போது 2,500 டாலர், எத்தனை பேருக்கு என்று வரம்பே இல்லை. 40 லட்சம் பேர் வாழும் மாநிலத்தில் 2,000-க்கு மேல் கடைகள் முளைத்தன, கலிபோர்னியாவில்கூட அத்தனை இருக்கவில்லை. உச்சத்தில் சாகுபடி லைசென்ஸ்கள் 9,000-த்தைத் தாண்டின. உரிமையில் 75 சதவீதம் உள்ளூர்க்காரர் கையில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னதால், காசுக்குப் பெயரை வாடகைக்கு விட்டவர்கள் கிளம்பினார்கள். நம் ஊர் பினாமியேதான். சரக்கு திருட்டுத்தனமாக வெளி மாநிலங்களுக்குப் போனது. 2022 ஆகஸ்டில் புது லைசென்ஸ்களை நிறுத்தினார்கள். அந்த நவம்பரில் ஹென்னெஸி என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஒரு கஞ்சாப் பண்ணையில் நான்கு பேர் கொல்லப்பட்டார்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். நான் கம்பம் பக்கத்துக்காரன். பன்னீர் திராட்சைக் கொடியில் சாம்பல் நோய் வந்தால் அப்பா விடியற்காலையில் கந்தகத் தூள் போடுவதைப் பார்த்து வளர்ந்தவன். அதே மாதிரி நோய் கஞ்சாச் செடிக்கும் வரும். அதற்கு அடிக்கிற மருந்துகளில் மைக்ளோபியூட்டானில் என்ற பூஞ்சைக்கொல்லி ஒன்று, திராட்சைக்கும் அடிப்பார்கள். பழத்தில் அளவுக்குள் இருந்தால் தின்னலாம். ஆனால் அதைக் கொளுத்தினால் ஹைட்ரஜன் சயனைடு என்ற நச்சு வாயு வரும். கீமோவில் நொந்து கிடக்கிற உடம்பு அந்தப் புகையை இழுப்பதை நினைத்துப் பாருங்கள். மத்திய அரசின் சட்டத்தில் கஞ்சா குற்றமாக இருந்ததால், பூச்சிமருந்து, தரம், லேபிள் எல்லாமே மாநிலத்தின் தலையில்தான் விழுந்தன. இங்கே பரிசோதனையைக் கட்டாயமாக்கிய சட்டமே 2019-ல்தான் வந்தது. அதிலும் எந்த லேபுக்கு அனுப்புவது என்று முடிவுசெய்து பணம் கட்டுவது சரக்குக்காரர். கண்டிப்பான லேபை விட்டுவிட்டு இளகிய லேபுக்கு அவர் போனால் யார் தடுப்பது? பின்னாளில் மாநிலம் தனக்கென்று லேப் வைத்து, கடைகளில் தானே சரக்கு வாங்கிச் சோதிக்கத் தொடங்கியது. அதை மனசாரப் பாராட்டுகிறேன்.

மினசோட்டாவில் 2015-ல் விற்பனை தொடங்கியபோதே மருந்தாளுநரிடம் பேசிவிட்டுத்தான் வாங்க முடிந்தது. ஆனால் அப்போது தயாரிக்க இரண்டே நிறுவனங்கள் இருந்தன, விலை எட்டாத உயரத்தில் இருந்தது, காப்பீடும் கிடைக்கவில்லை. அந்தக் கெடுபிடியை இங்கே கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. கடைகள் இருக்கட்டும், விலை குறைவாகவே இருக்கட்டும். கடைக்கொரு மருந்தாளுநர் கட்டாது என்றால் வீடியோவிலாவது ஒருவர் வரட்டும், அட்டையோடு மாத்திரைச் சீட்டையும் பார்க்கட்டும்.

அன்றைக்கு நாங்கள் ஒன்றும் வாங்காமல் திரும்பினோம். வழக்கமான மருந்துக்கடையில் கேட்டு, டாக்டரிடம் மறுபடி பேசி, அவர் சொன்ன சின்ன அளவில் பாட்டி தொடங்கினார். பத்து நாளில் ரத்தப் பரிசோதனையில், ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் ஏறியிருந்தது. வார்ஃபரினைக் குறைத்தார்கள். அந்த வாரம் பாட்டி ஒரு முழுக் கிண்ணம் சூப் குடித்தார்.

எங்கள் தொகுதிப் பிரதிநிதிக்கு இதையெல்லாம் எழுதிக் கடிதம் போட்டிருக்கிறேன். ஓக்லஹோமாவில் இருக்கிற தமிழர்கள், உங்கள் பிரதிநிதிக்கும் எழுதுங்கள். கடிதத்தின் நகல் வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.