வராத ஆளுக்கு 210 டொலர் 69 சதம்

வராத ஆளுக்குக் காசு கேட்டிருக்கிறார்கள், அண்ணாவைப் பராமரிக்க ஆள் அனுப்பும் புரொவைடர் நிறுவனத்தார். கேட்டது மட்டுமில்லை, எடுத்தும்விட்டார்கள். அண்ணாவின் என்டிஐஎஸ் பிளானிலிருந்து, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான அவுஸ்திரேலிய அரசாங்கத் திட்டத்தில் அவர் பேரில் ஒதுக்கிய காசிலிருந்து, 210 டொலர் 69 சதம் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை காலை ஏழிலிருந்து பத்து மணி வரை, மூன்று மணித்தியாலம், மணிக்கு 70.23. திட்டத்தின் விலைப் பட்டியலில் உள்ள உச்ச விலை, அதில் ஒரு சதம்கூடக் குறைக்கவில்லை. காரணம் என்ற இடத்தில் இப்படிப் போட்டிருக்கிறார்கள்: பயனாளர் குறுகிய அறிவித்தலில் ரத்துச் செய்தார்.

நாங்கள் ரத்துச் செய்யவில்லை. அவர்கள்தான் ஆள் அனுப்பவில்லை.

என்டிஐஎஸ் பிளான் உள்ள வீட்டுக்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம், தெரியும். ஆனாலும் நடந்ததை முழுக்கச் சொல்லாமல் எனக்கு ஆறாது. அண்ணாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "ஒண்டையும் விடாமல் எழுது" என்றார்.

ஏழு மணிக்கு வரவேண்டிய ஆள். ஆறு ஐம்பதுக்கு மெசேஜ் வருகிறது: இன்றைய ஷிஃப்டுக்கு ஆள் இல்லை, சிரமத்துக்கு வருந்துகிறோம். பத்து நிமிடம் இருக்கும்போது! அண்ணாவுக்கு செரிபிரல் பால்சி, மூளைப் பாதிப்பால் உடம்பின் அசைவு கட்டுப்படாத நிலை. ஹொய்ஸ்ட் என்ற தூக்கும் இயந்திரம் இல்லாமல் கட்டிலை விட்டு எழும்ப முடியாது. அதில் மாட்டும் துணியான ஸ்லிங்கைப் போடுவதற்கு முதலில் அவரை ஒருக்களித்துத் திருப்ப வேண்டும், துணியை முதுகோடு ஒட்டிச் சுருட்டி வைக்க வேண்டும், மற்றப் பக்கம் திருப்பி அதை இழுத்து விரிக்க வேண்டும், பிறகு இரண்டு தொடைக்குக் கீழும் பட்டிகளைக் கொண்டுவந்து குறுக்காக மாட்ட வேண்டும். ஒரு பட்டி பிழைத்தால் தூக்கும்போது ஒரு பக்கம் சரிந்துவிடுவார். பழகிய ஆள் செய்யவேண்டிய வேலை. அந்த நேரம் வீட்டில் இருந்தது அம்மா மட்டும். எழுபது தாண்டி, முழங்காலில் சத்திரசிகிச்சையும் செய்த மனுஷி.

நான் வேலைக்குப் போகும் ரயிலில் இருந்தேன். ஸ்ட்ராத்ஃபீல்டில் இறங்கி, எதிர்ப் பக்கம் ஓடி, அடுத்த ரயில் பிடித்து, சிட்னியில் எங்கள் வீடு இருக்கும் துங்காபிக்குத் திரும்பி வந்தேன். வீட்டுக்குள் நுழையும்போது எட்டரை. இரவு படுக்க வைத்த அதே நிலையில் அண்ணா கிடக்கிறார், நனைந்த விரிப்போடு. அம்மா பக்கத்தில் கதிரை போட்டு அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு இருக்கிறா. "நீ ஏன் வந்தனி, வேலைக்கு என்ன சொல்லப்போறாய்?" என்றுதான் அண்ணா முதலில் கேட்டார். நாற்பது தாண்டிய மனிதர், கணக்கியல் படித்தவர், பதினொரு மணிக்கு அவருக்கும் ஓர் இணையவழிக் கூட்டம் இருந்தது. அதற்குத் தயாராக வேண்டியவரை ஈரத்தில் கிடத்திவிட்டு ஒரு வருத்தம் அனுப்புகிறார்கள்.

சரி, ஆள் பற்றாக்குறை இருக்கிறது, அது எனக்கும் தெரியும். அன்றைக்கு அதோடு விட்டிருந்தால் இந்தப் பதிவே இல்லை. இரண்டாம் கிழமை இன்வொய்ஸ் வந்தது.

புரொவைடர் ஒஃபிசுக்கு அடித்தேன். ரோஸ்டர், அதாவது யார் எப்போது வேலைக்குப் போவது என்ற அட்டவணை, பார்க்கும் பெண் எடுத்தார். "சிஸ்டத்தில் நீங்கள் ரத்துச் செய்ததாக இருக்கிறது" என்றார். அவர்கள் அனுப்பிய மெசேஜை வாசித்துக் காட்டினேன். "அது தானாகப் போகிற மெசேஜ்." தானாகப் போனாலும் ஆள் இல்லை என்றுதானே அதில் இருக்கிறது? "ஆள் இல்லைத்தான், ஆனால் மாற்று நேரம் தந்தோம், நீங்கள் ஏற்கவில்லை." எப்போது தந்தீர்கள்? யாரிடம் தந்தீர்கள்? தட்டச்சும் சத்தம் கேட்கிறது. "எட்டு ஐந்துக்கு வீட்டு நம்பருக்கு அழைத்திருக்கிறோம். பின்நேரம் இரண்டு மணிக்கு ஆள் அனுப்பலாம் என்றோம். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறீர்கள்."

அம்மாவைக் கேட்டேன். ஓம், கோல் வந்ததாம். யாரோ பிள்ளை இங்கிலிஷில் கெதியாகக் கதைத்ததாம். இரண்டு மணி என்று விளங்கியதாம். மகள் வந்துகொண்டிருக்கிறாள் என்பதால் "நோ, தேங்க் யூ" என்றாவாம்.

அந்த "நோ, தேங்க் யூ"தான் ரத்து! காலை ஏழு மணிக்குக் கட்டிலை விட்டு எழும்பவேண்டிய மனிதனைப் பின்நேரம் இரண்டு மணிக்கு எழுப்புகிறோம் என்று கேட்டு, ஒரு தாய் மரியாதையாக வேண்டாம் என்றதை, பயனாளர் ரத்துச் செய்தார் என்று பதிந்து, மூன்று மணித்தியாலத்துக்கும் முழுக் காசு எடுத்திருக்கிறார்கள். ஏழு நாள் முன்னறிவித்தல் இல்லாமல் நாங்கள் ரத்துச் செய்தால் முழுக் கட்டணமும் எடுக்கலாம் என்று விதி இருக்கிறது. அவர்கள் பத்து நிமிடத்தில் ரத்துச் செய்தால் எங்களுக்கு என்ன கிடைக்கும்? ஒரு சதமும் இல்லை.

இன்னும் இருக்கிறது. அதே விதியில் அடுத்த வரியும் உண்டு. ரத்துக் கட்டணம் எடுப்பதென்றால், அந்த ஊழியருக்குக் கட்டணம் எடுக்கக்கூடிய வேறு வேலை கிடைக்காமல் போயிருக்க வேண்டும், அவருக்குச் சம்பளமும் கொடுக்கவேண்டி இருந்திருக்க வேண்டும். எங்களிடம் வழக்கமாக வரும் சப்போர்ட் வேர்க்கர் அடுத்த நாள் வந்தபோது கேட்டேன். அவருக்குக் காய்ச்சலும் இல்லை, லீவும் இல்லை. இருபத்து நாலு மணிநேரமும் ஆள் வேண்டிய வேறொரு வீட்டுக்கு மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். அது பெரிய பிளான். அங்கே ஆள் இல்லாமல் போனால் பெரிய தொகை போய்விடும், எங்களுடையது வெறும் மூன்று மணித்தியாலம். ஆக, ஒரே ஆளுடைய ஒரே காலைப்பொழுதுக்கு அந்த வீட்டிலும் காசு, எங்கள் வீட்டிலும் காசு. அந்த வேர்க்கர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவருக்கு ஒரு வீட்டுச் சம்பளம்தான் கிடைத்திருக்கும். அதுவும் அந்த 70.23 முழுதாக அல்ல.

இதை ரோஸ்டர் பெண்ணிடம் சொன்னேன். "பணிப்பங்கீடு உள்விவகாரம், அதை நான் கதைக்க முடியாது" என்றார். மேலதிகாரி திருப்பி அழைப்பார் என்றார். அழைக்கவில்லை. பிளான் மனேஜருக்கு எழுதினேன். புரொவைடர் ரத்து என்று போட்டு அனுப்பினால் நாங்கள் கொடுக்கத்தான் வேண்டும், புரொவைடரோடு கதையுங்கள் என்றார்கள். இன்வொய்ஸைப் பார்த்துக் காசு கொடுப்பதற்காக மாதம் 104.45 டொலர் வாங்குகிற ஆக்கள் சொல்கிற பதில் இது. திட்டத்தை நடத்தும் அரச ஏஜென்சிக்கு அடித்தேன். காத்திருந்து காத்திருந்து கடைசியில் கிடைத்த பதிலும் அதேதான்: புரொவைடரோடு கதையுங்கள்.

எல்லாக் கதவும் திரும்ப புரொவைடர் வாசலிலேயே திறக்கிறது. எனக்குப் பற்றியெரிவது அதில்தான், 210 டொலரில் அல்ல.

இந்தத் திட்டம் எதற்காக வந்தது? 2011இல் அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்லும் உற்பத்தித்திறன் ஆணைக்குழு கொடுத்த அறிக்கை, காசை நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுக்கும் பழைய முறையை விட்டு, அந்தந்த மனிதரின் பேரில் ஒதுக்கச் சொன்னது. தெரிவும் கட்டுப்பாடும் அவருடைய கையில் இருக்க வேண்டும் என்றது. 2013 ஜூலையில் முதல் இடங்களில் தொடங்கியபோது எங்கள் வீட்டில் எவ்வளவு நம்பிக்கை. அதற்காகப் பல வருடம் தெருவில் நின்றவர்கள் மாற்றுத்திறனாளிகளும் அவர்களுடைய வீட்டாரும். இன்று 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆக்கள், வருடத்துக்கு 40 பில்லியன் டொலருக்கும் அதிகமான செலவு. காசு அண்ணாவின் பேரில்தான் இருக்கிறது. யார் வருவது, எத்தனை மணிக்கு வருவது, வராவிட்டால் அதை எப்படி எழுதுவது என்று எல்லாம் தீர்மானிப்பது வேறு ஆள்.

உச்ச விலை என்றால் அதற்குக் கீழேயும் வாங்கலாம். நான் இதுவரை விசாரித்த எந்த இடமும் அதற்குக் கீழே வாங்கியதில்லை. அதிகாரபூர்வமாகப் பதிவு செய்யாமலே நடத்துகிறவர்கள்தான் மிகப் பெரும்பான்மை, அவர்களும் அதே விலைதான். நம்முடைய தமிழாக்கள் நடத்தும் கம்பனிகளும் அதே விலைதான். பொங்கல் விழாவில் ஸ்டால் போட்டு, "அக்கா, நாங்கள் உங்கட ஆக்கள்" என்று துண்டுப்பிரசுரம் தருகிறார்கள். ஒப்பந்தத்தை வாங்கிப் பார்த்தால் ரத்துப் பிரிவு எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான்.

ஒவ்வொரு வருடமும் ஜூலையில் புது விலை வரும். அதற்கு முதல் மாதங்களில் செய்தியைப் பாருங்கள். புரொவைடர் சங்கங்கள் அறிக்கை விடும், மூடப்போகிறோம் என்று எச்சரிக்கும், அமைச்சரைச் சந்திக்கும், ஆலோசனைக் குழுக்களில் உட்காரும். அவர்களுக்கு அதற்கென்று சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது. அம்மாவுக்கு யார் இருக்கிறார்கள்? அண்ணா ஒரு கருத்துக்கேட்புக்குப் போக வேண்டுமென்றால் அவரைக் கூட்டிக்கொண்டு போகவும் அதே புரொவைடருடைய ஆள்தான் வர வேண்டும்.

சரி, அரசாங்கம் அவர்களைக் கட்டுப்படுத்தினால் எங்களுக்கு நல்லதா? அதுவும் இல்லை. 2025 ஜூலையில் பிசியோதெரபியின் உச்ச விலையை 193.99இலிருந்து 183.99க்குக் குறைத்தார்கள், தெரபிஸ்டுகளின் பயண நேரத்துக்கு இனிப் பாதிக் காசுதான் என்றார்கள். எங்களுக்கு வந்துகொண்டிருந்த பிசியோ வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார், கிளினிக்குக்கு வரச் சொன்னார். ஹொய்ஸ்ட் இல்லாத கிளினிக். அங்கே அண்ணாவை எப்படிக் கதிரையிலிருந்து கட்டிலுக்கு மாற்றுவது? விலையை ஏற்றினாலும் குறைத்தாலும் கடைசியில் அது வந்து இறங்குவது அண்ணாவின் உடம்பில்தான்.

செலவு கூடிவிட்டது, வளர்ச்சியை வருடத்துக்கு 8 சதவீதத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று 2023இல் முடிவெடுத்தார்கள். அதற்குப் பிறகு பிளான் மீள்மதிப்பீடு என்றாலே அம்மாவுக்கு இரவில் நித்திரை இல்லை. தேவையை நிரூபிக்க, அன்றாட வேலைகளில் என்ன உதவி வேண்டும் என்று பார்க்கும் ஓக்குபேஷனல் தெரபிஸ்டின் றிப்போர்ட் வேண்டும், அதற்கே ஆயிரக்கணக்கில் போகும், அதுவும் பிளானிலிருந்துதான். பிறவியிலிருந்தே இருக்கும் செரிபிரல் பால்சி இன்னும் இருக்கிறதா என்று ஒரு மனிதனிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். மூன்று மணித்தியாலம் உண்மையில் வேலை நடந்ததா என்று காசு வாங்கியவனிடம் ஒருவரும் கேட்கவில்லை.

"அப்போ புரொவைடரை மாற்றுங்கோவன்" என்று சொல்லத் தயாராக இருக்கிறவர்களுக்கு: மாற்றலாம். ஸ்லிங் மாட்டத் தெரிந்த, காலை ஏழு மணிக்கு வரக்கூடிய, அண்ணா வாயால் சொல்வதை விளங்கிக்கொள்ளக்கூடிய ஓர் ஆளைக் கண்டுபிடித்துத் தாருங்கள், இன்றைக்கே மாற்றுகிறேன். எங்கள் ஒப்பந்தத்தின்படி பதினாலு நாள் அறிவித்தலோடு அவர்களும் எங்களை விட்டுவிடலாம். முறைப்பாடு செய்தால் விட்டுவிடுவார்களோ என்று அம்மா பயப்படுகிறா. "கன கதைக்காதை, பிறகு அந்தப் பிள்ளையையும் அனுப்ப மாட்டினம்" என்று போனை என் கையிலிருந்து வாங்கப் பார்த்தா. எங்களுடையது சொந்த வீடு. குரூப் ஹோமில், பல மாற்றுத்திறனாளிகளைச் சேர்த்து வைத்துப் பராமரிக்கும் வீட்டில், இருப்பவரை நினைத்துப் பாருங்கள். வீட்டைத் தருகிறவரும் பராமரிப்பவரும் ஒருவரே என்றால் முறைப்பாடு செய்தவர் இரவு எங்கே படுப்பது? இந்த இரண்டையும் பிரிக்கச் சொல்லி, என்டிஐஎஸ் பற்றிய 2023 மீளாய்வு சொன்னது. அதே வருடம் அரச ஆணைக்குழு, மாற்றுத்திறனாளிகள் மீதான வன்முறையும் புறக்கணிப்பும் பற்றி நாலு வருடத்துக்கு மேல் விசாரித்து 222 பரிந்துரைகள் கொடுத்தது. 2020இல் அடிலெய்டில் அதே செரிபிரல் பால்சி உள்ள 54 வயதுப் பெண், தனக்குப் பிளானும் இருந்து, காசும் இருந்து, பராமரிக்க ஒதுக்கிய ஆளும் இருந்து, ஒரு கதிரையிலேயே விடப்பட்டுச் செத்துப்போனார். பராமரித்தவர் சிறைக்குப் போனார். அந்தச் செய்தியை அம்மா வாசித்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் அண்ணாவைத் தனியே ஒருவரோடும் விடுவதில்லை.

என்டிஐஎஸ் தரக் கண்காணிப்பு ஆணையத்துக்கு முறைப்பாட்டை எழுதிவிட்டேன். மெசேஜ், இன்வொய்ஸ், வீட்டுப் போனில் எட்டு ஐந்துக்கு வந்த கோலின் படம், எல்லாம் இணைத்திருக்கிறேன். அண்ணாதான் கணக்கைச் சரிபார்த்து, தன் பேரிலேயே அனுப்பச் சொன்னார். 210.69ஐத் திருப்பிப் போடும் வரைக்கும் விடப்போவதில்லை என்கிறார்.

அப்புறம், இதோடு சம்பந்தமில்லைத்தான், ஆனால் இதையும் சொல்லிவிடுகிறேன். போன வெள்ளி கோயிலில் சக்கர நாற்காலிக்கான பார்க்கிங்கில் காரை விட்டுவிட்டு அர்ச்சனைக்குப் போன அந்த வெள்ளை எஸ்யூவிக்காரர் இதை வாசித்தால், உங்களுக்குத்தான் சொல்கிறேன். நாங்கள் எங்கள் வாகனத்தின் சாய்தளத்தை இறக்க இடமில்லாமல் வெயிலில் நின்றோம். திரும்பி வந்து "அஞ்சு நிமிஷம்தானே தங்கச்சி" என்றீர்கள். அந்த இடத்தில் நிறுத்தினால் தண்டப்பணமும் உண்டு, லைசன்ஸில் டிமெரிட் புள்ளியும் உண்டு. அடுத்த முறை நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து கவுன்சிலுக்கு அனுப்புவேன். அம்மா கையைப் பிடித்து இழுத்தாலும் அனுப்புவேன்.